செங்காவி வீடுகளின் சாலை

ஸ்வீடனின் தெற்கே ஸ்மோலாந்தில் வாடகைக் காரை நாமே ஓட்டிப் போகலாம். வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். பட்டப்பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். அந்தியில் எல்க் மான்கள் காட்டிலிருந்து சட்டென்று சாலைக்கு வந்துவிடும், நிதானம் தேவை!

வழிநெடுக மரவீடுகள், பெரும்பாலும் செங்காவி நிறத்தில். ஃபாலுன் செப்புச் சுரங்கத்தின் கழிவு மண்ணில் பிறந்த வண்ணம் அது. மரம் உளுத்துப் போகாமல் காக்கிறது. வழியில் எல்ம்ஹுல்ட் ஊரில் 1958-ல் திறந்த, ஐகியா மரச்சாமான் நிறுவனத்தின் முதல் கடை இப்போது அருங்காட்சியகம்.

ஆனால், 1742-ல் தொடங்கிய கோஸ்டா கண்ணாடிப் பட்டறையை விட்டுவிடாதீர்கள். நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் ஆரஞ்சு நிறக் கண்ணாடிக் குழம்பு தேன்போலத் தொங்கும். கைவினைஞர் ஊதி, உருட்டி, மீண்டும் ஊத, நம் கண்ணெதிரே அது கிண்ணமாகிறது.