குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது?

'முப்பது நாளில் பத்துக் கிலோ' என்ற விளம்பரம் என் கைபேசியில் வராத நாளில்லை. கலியாணத்துக்கு நாள் குறித்ததும் சோற்றையும் பாணையும் அடியோடு நிறுத்திவிடும் பெண்பிள்ளைகளும் நம் வீடுகளில் உண்டு. எடை குறையத்தான் செய்கிறது. அந்தளவில் விளம்பரம் சொல்வது பொய்யல்ல. அடுத்த வருடம் என்ன நடக்கும் என்பதைத்தான் அது சொல்வதில்லை.

அவுஸ்திரேலியாவில் உடற்பருமன் கொண்ட 50 பேரைச் சேர்த்து 10 வாரங்களுக்கு மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். ஆய்வின் முடிவுகள் 2011இல் வெளியாகின. சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தது. ஆனால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் கூடியது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பட்டினி கிடந்தவருக்கு மறுபடி எடை கூடினால் 'வாயைக் கட்டத் தெரியாதவள்' என்று சொல்லிவிடுகிறோம். அவருடைய உடலோ பஞ்சம் வந்துவிட்டதாக நினைத்து, இழந்ததை மீட்கப் போராடிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவின் 'த பிகெஸ்ட் லூசர்' தொலைக்காட்சிப் போட்டியில் எடை குறைத்த 14 பேரை ஆறு வருடங்களின் பின் ஆராய்ந்தார்கள். 13 பேருக்கு எடை திரும்பக் கூடியிருந்தது. அவர்களின் உடல் ஓய்வில் எரிக்கும் சக்தி, அவர்களின் உடலளவுக்கு எதிர்பார்க்கப்பட்டதை விட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. ஏறத்தாழ 400 கிராம் சோற்றில் இருப்பது அவ்வளவு.

அப்படியென்றால் எடையைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாமா? அப்படியில்லை. தெற்காசியர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்வதும், மெல்லிய உடம்பிலேயே நீரிழிவு வருவதும் அதிகம். ஆனால் குறைக்க வேண்டிய அளவு விளம்பரம் சொல்வதைவிடச் சிறியது. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுக்கு வைத்த இலக்கு 7 சதவீத எடைக் குறைப்பும் வாரத்துக்கு 150 நிமிட நடையும்தான். 70 கிலோ உள்ளவருக்கு அது 5 கிலோ. நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, 531 பேருடன் நடந்து 2006இல் வெளியான இந்திய ஆய்வு. உணவையும் நடையையும் மாற்றியவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் நீரிழிவு ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. தராசு அசையாததைக் கண்டு மனம் விட்டு எல்லாவற்றையும் நிறுத்துபவர்கள் இதை அறிய வேண்டும்.

நம் சமையலறையில் இதற்குப் பெரிய ஆயத்தம் தேவையில்லை. நாளுக்கு நாலு தேநீர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி என்றால் 30 கிராமைத் தாண்டிவிடும். 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஒவ்வொரு கரண்டியாகக் குறைக்கலாம். கோப்பையில் சோற்றைக் கொஞ்சம் ஒதுக்கிக் கீரையும் மரக்கறியும் பருப்பும் கூடப் போடலாம். புட்டை நிறுத்தச் சொல்லும் எந்தத் திட்டமும் யாழ்ப்பாணத்தில் மூன்று மாதம் தாங்காது என்பது என் கணிப்பு. அளவைக் குறைத்தால் போதும்.

ஏற்கெனவே நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் தாமாக இராச்சாப்பாட்டை விடக் கூடாது. சீனி திடீரென இறங்கி மயக்கம் வரலாம். மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், கிளினிக் வைத்தியரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.