துகள்கள் சிதறிக் கிடக்கும் விதம்

டயர் ரப்பரில் கலந்த கார்பன் கரித்தூள் திட்டுத் திட்டாக நின்றுவிட்டால், விரிசல் அங்கிருந்து தொடங்கக்கூடும். தூள் நன்றாகக் கலந்திருக்கிறதா என்று நுண்ணோக்கிப் படத்தில் பார்ப்பதுண்டு. ஆனால் கண்ணை நம்ப முடியாது. தற்செயலாக விழுந்த புள்ளிகளிலும் ஆங்காங்கே நெருக்கமும் வெற்றிடமும் இருக்கவே செய்யும். கண் அதைக் கூட்டம் என்று எடுத்துக்கொள்ளும். சீரான பரவல் என்பது வேறு. அதில் துகள்கள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கும்.

எளிய வழி, படத்தைச் சம கட்டங்களாகப் பிரித்து எண்ணுவது. கின்னஸ் பீர் ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1907இல் வெளியிட்ட கட்டுரையில், ஈஸ்ட் செல்களை 400 கட்டங்களில் எண்ணிக் காட்டினார். ஒரு கரைசலில் கட்டத்துக்குச் சராசரி 4.68 செல்கள். ஒரே செல் இருந்த கட்டங்கள் 20. பன்னிரண்டு இருந்தவை 2. இந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்தால் கரைசல் சரியாகக் கலக்கவில்லை என்றே தோன்றும். ஆனால் விலக்க வர்க்கச் சராசரி சுமார் 4.46தான். அதைச் சராசரியால் வகுத்தால் 0.95. தற்செயல் பரவலில் இந்த விகிதம் 1ஐ ஒட்டி நிற்கும். கூட்டம் சேர்ந்தால் ஏறும், சீரானால் 0வை நோக்கி இறங்கும். ஆக, அந்தக் கரைசல் நன்றாகவே கலந்திருந்தது.

கட்டத்தின் அளவை மாற்றினால் விடையும் மாறிவிடுவது இதன் குறை. செடிகொடிகளின் பரவலை ஆராய்ந்த கிளார்க், எவான்ஸ் இருவரும் 1954இல் கட்டமே தேவைப்படாத வழியைத் தந்தார்கள். ஒவ்வொரு துகளுக்கும் மிக அருகிலுள்ள துகளின் தூரத்தை அளந்து சராசரி எடுக்க வேண்டும். 100 மைக்ரான் பக்கமுள்ள சதுரப் படத்தில் 100 துகள்கள் தற்செயலாக இருந்தால் அது 5 மைக்ரான் அளவில் வரும். அளந்த சராசரியை இந்தத் தற்செயல் அளவால் வகுத்தால் வருவதே இங்கே விகிதம். 3 வந்தால் விகிதம் 0.6, அது கூட்டம். கோலத்தின் நேர்புள்ளி போல் வரிசையாக நின்றால் 10 மைக்ரான், விகிதம் 2. இடைவெளி மாறாத ஊடுபுள்ளி அமைப்பில் சுமார் 2.15, அதற்கு மேல் போகாது.

படத்தின் ஓரத்தில் இருக்கும் துகளுக்கு உண்மையான அண்டைத் துகள் படத்துக்கு வெளியே இருக்கலாம். ஒட்டி நிற்கும் இரண்டை மென்பொருள் ஒன்றாக எண்ணிவிடலாம். இரண்டும் விகிதத்தை உயர்த்திக் காட்டும். இரண்டிரண்டாக ஒட்டிய துகள்கள் படமெங்கும் சீராகப் பரவியிருந்தாலும் அண்மைத் தூரம் கூட்டம் என்றே சொல்லும். இதற்காகத்தான் பிரிட்டனின் பிரையன் ரிப்ளி 1970களில், ஒவ்வொரு துகளையும் சுற்றிச் சிறிதும் பெரிதுமாக வட்டமிட்டு உள்ளே எத்தனை என்று எண்ணும் முறையை வகுத்தார். எந்த முறையானாலும், ஒரே ஒரு படத்தை வைத்து முடிவு சொல்லக் கூடாது.