பல்கலைக்கழக விசாரணைக்கு முன் மாணவர் அறியவேண்டியவை

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே திரித்துவக் கல்லூரியின் தலைவராக விளங்கியவர் ரிச்சர்ட் பெந்திலி என்னும் பேரறிஞர். 1718ஆம் ஆண்டிலே அவருடைய பட்டங்களைப் பல்கலைக்கழகம் பறித்துக்கொண்டது. அவரை அழைத்து, அவர் பக்கத்து நியாயம் யாதென்று ஒருவரும் கேட்டிலர். வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. 1723ஆம் ஆண்டின் வழக்கென்று சட்டநூல்கள் குறிக்கும் அவ்வழக்கிலே, ஒருவரைக் கேளாமலே தண்டித்தல் நீதியன்று என்னும் கொள்கை நிலைபெற்றது. பெந்திலிக்கு அவர் பட்டங்கள் திரும்பக் கிடைத்தன. ஆதாமுக்குத் தீர்ப்பளிக்குமுன் இறைவனே அவனை அழைத்து விடை கேட்டானன்றோ என்று நீதிபதிகளுள் ஒருவர் அன்று எடுத்துக்காட்டினார்.

இக்கொள்கையை இயற்கை நீதி என்பர். அதற்குக் கூறுகள் இரண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவரின் விடையைக் கேட்டல் வேண்டும் என்பது ஒன்று. தன் வழக்கிலே தானே நீதிபதியாக ஒருவரும் இருத்தலாகாது என்பது மற்றொன்று. பரீட்சையிலே பார்த்து எழுதியதாகவோ, பிறர் ஆக்கத்தைத் தமதென்று கொடுத்ததாகவோ குற்றஞ்சாட்டப்பட்ட மாணவர் ஒருவருக்கு விசாரணை நடத்தப்படுவது இக்கொள்கையின் வழியேதான். ஆனால் கேட்கப்படும் உரிமை இருப்பது வேறு. அவ்வுரிமையைப் பயன்படுத்தத் தெரிந்திருப்பது வேறு. இவ்வேறுபாட்டை உலகுக்கு உணர்த்திய வழக்கு இலங்கையிலேயே எழுந்தது.

1950களிலே, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் இறுதிப் பரீட்சை எழுதிய மாணவர் ஒருவர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. மொழிபெயர்ப்புக்காக வினாத்தாளில் வந்த ஜெர்மன் மொழிப் பகுதியை அவர் முன்கூட்டியே அறிந்திருந்தார் என்பதே அது. உபவேந்தர் உள்ளிட்ட குழு அதனை விசாரித்தது. குற்றத்துக்குச் சான்று கூறிய முக்கிய சாட்சி, அம்மாணவர் இல்லாத வேளையிலே விசாரிக்கப்பட்டார். மாணவரைக் குழு இருமுறை அழைத்து வினாவியது. முடிவில், பல்கலைக்கழகப் பரீட்சைகள் எதற்கும் தோற்றாதவாறு அவர் காலவரையறையின்றித் தடைசெய்யப்பட்டார்.

மாணவர் நீதிமன்றத்தை நாடினார். மாவட்ட நீதிமன்றம் அவருக்கு எதிராகவும், உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகவும் தீர்த்தன. அக்காலத்தில் இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில், 1960ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. குற்றச்சாட்டு இன்னதென்பது மாணவருக்குப் போதிய அளவு தெரிவிக்கப்பட்டதென்று அம்மன்றம் கண்டது. சாட்சியை வினாவ வாய்ப்பளிக்கவில்லை என்ற முறைப்பாட்டுக்கு அது கூறிய விடையே கவனிக்கத்தக்கது. சாட்சியைத் தாம் வினாவ விரும்புவதாக மாணவர் கேட்டு, குழு அதனை மறுத்திருந்தால், முறைப்பாடு வலிமை பெற்றிருக்கக்கூடும். அவரோ கேட்கவேயில்லை. இரு சந்திப்புகளுக்கும் இடையே ஏறத்தாழப் பத்து நாள்கள் இருந்தும் அவர் கேட்கவில்லை.

அத்தீர்ப்பைக் குறைகூறும் சட்ட அறிஞர் உளர். சட்டம் பயிலாத இளைஞர் ஒருவர் தமது உரிமையைத் தாமே உணர்ந்து கேட்பார் என்று எதிர்பார்ப்பது தகுமா என்பது அவர்தம் வினா. அவ்வினா நியாயமானதே. எனினும், விசாரணைக்கு ஆயத்தமாகும் மாணவருக்கு அவ்வழக்கு தரும் பாடம் தெளிவானது. கேட்கவேண்டியவற்றை உரிய காலத்தில் எழுத்திலே கேட்டல் வேண்டும்.

முதலிற் செய்யவேண்டியது, வந்த கடிதத்தை அமைதியாகப் படித்தல். அச்சத்தினால் அதனைப் பெட்டிக்குள் மறைத்து வைப்போர் பலர். பெற்றோரிடமும் கூறாது, தனியே அல்லலுற்று, கெடுவான நாளையும் தவறவிடுவர். கடிதத்திலே பார்க்கவேண்டியன நான்கு: குற்றம் எது, மீறப்பட்ட விதி எது, சான்று எது, விடையளிக்கவேண்டிய நாள் எது. இவற்றுள் ஒன்று தெளிவில்லையாயினும் பதிவாளருக்கு எழுதி விளக்கம் கேட்கலாம். ‘பரீட்சை ஒழுங்கீனம்’ என்று மட்டும் கூறும் கடிதத்துக்கு எவராலும் சரியான விடை எழுத இயலாது.

அடுத்து, பல்கலைக்கழகத்தின் விதிக்கோவையைப் பெற்றுப் படித்தல் வேண்டும். குழுவில் இருப்போர் யாவர், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாமா, சாட்சிகளை வினாவ இடமுண்டா, தண்டனைகள் எவை, மேன்முறையீட்டுக்குரிய காலம் எவ்வளவு என்பனவற்றை அது கூறும். குற்றஞ்சாட்டிய விரிவுரையாளரே குழுவிலும் அமர்ந்திருப்பாராயின், முன்னர்க் கூறிய இரண்டாம் கூறு இங்கே பொருந்தும். அந்த ஆட்சேபத்தை விசாரணைக்கு முன்னரே மரியாதையுடன் எழுதித் தெரிவித்தல் நன்று. தீர்ப்பு வந்தபின் கூறினால் அதன் வலிமை குன்றும்.

மூன்றாவது, சான்றுகளைத் திரட்டுதல். கட்டுரை தம்முடையதே என்று காட்ட விரும்பும் மாணவருக்கு, அக்கட்டுரை உருவான வழியே சிறந்த சாட்சி. கையெழுத்துக் குறிப்புகள், முதற்படிகள், நூலகத்தில் நூல் பெற்ற பதிவு, விரிவுரையாளருடன் நடந்த கடிதப் போக்குவரத்து, கணினியிலே ஒவ்வொரு திருத்தமும் பதிந்துள்ள நாளும் நேரமும் ஆகிய யாவும் பயன்படும். இவற்றுள் ஒன்றையும் அழித்தலோ மாற்றுதலோ ஆகாது. குற்றமற்றவரையும் ஐயத்துக்குள்ளாக்கும் செயல் அது.

இக்காலத்தில் சான்றாக வருவன பெரும்பாலும் கணினி அறிக்கைகள். ஒப்புமை காட்டும் மென்பொருள் ஒரு கட்டுரையில் இத்தனை விழுக்காடு பிற ஆக்கங்களோடு ஒத்துள்ளது என்று கூறும். அது குற்றத்தின் அளவன்று. மேற்கோட் குறியிட்டு முறையாக எடுத்தாண்ட பகுதியும், நூற்பட்டியலும்கூட அக்கணக்கில் சேரக்கூடும். ஆகவே, குறிக்கப்பட்ட ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே பார்த்து விளக்கம் எழுதுதல் வேண்டும். செயற்கை நுண்ணறிவு எழுதியதெனக் கண்டுபிடிக்கும் கருவிகளும் பிழைபடுவன. ஓப்பன்ஏஐ நிறுவனம் தானே வெளியிட்ட அத்தகைய கருவியைத் துல்லியக் குறைவினால் 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிறுத்திவிட்டது. அறிக்கையின் முழுப் பிரதியையும் மாணவர் கேட்டுப் பெறுதல் அவசியம்.

நான்காவது, எழுத்துமூல விளக்கம். அது சுருக்கமாகவும் நிகழ்ந்த வரிசையிலும் அமைதல் நன்று. விரிவுரையாளரைப் பழித்தலும், சக மாணவர்மேல் ஆதாரமின்றிப் பழிசுமத்தலும், குடும்பத் துன்பத்தை மட்டுமே விரித்துரைத்தலும் பயன் தரா. நோயோ இழப்போ உண்மையில் காரணமாயிருந்தால், மருத்துவச் சான்றிதழ் போன்ற ஆதாரத்துடன் அதனைக் குறிப்பிடலாம். நேரிற் பார்த்த சாட்சிகள் இருப்பின் அவர்தம் பெயர்களையும், தாம் வினாவ விரும்பும் சாட்சிகளின் பெயர்களையும் அவ்விளக்கத்திலேயே குறித்து வேண்டுகோள் விடுத்தல் வேண்டும். அதன் பிரதி ஒன்று மாணவர் கையில் இருத்தல் வேண்டும்.

தவறு செய்த மாணவரும் இவ்விசாரணையை எதிர்கொள்கிறார். அவருக்கும் ஆயத்தம் தேவையே. பொய்யை உறுதியாகச் சொல்லப் பழகுவது ஆயத்தமாகாது. ஒரு பொய்யைக் காக்க மற்றொரு பொய் வேண்டும். இறுதியில் பரீட்சைத் தவற்றினும் குழுவை ஏமாற்றிய தவறே பெரிதாகிவிடும். செய்ததைச் செய்த அளவிற்கு ஒப்புக்கொண்டு, செய்யாததை மறுத்து, இனி அவ்வாறு நிகழாதிருக்க மேற்கொண்ட வழியைக் கூறுவதே தக்கது. தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போது பல குழுக்கள் இதனைக் கருத்திற் கொள்ளும்.

விசாரணை நாளிலே வினா முழுவதையும் கேட்டபின் விடை கூறல் வேண்டும். விளங்காத வினாவை மீண்டும் கேட்கச் சொல்லலாம். நினைவில்லாததை நினைவில்லை என்பதே நேர்மை. புதிய சான்று ஒன்று அப்போதுதான் காட்டப்படுமாயின், அதனைப் படித்துப் பார்க்க அவகாசம் கோருவதில் குற்றமில்லை. அக்கோரிக்கையும் அதற்குக் கிடைத்த விடையும் குறிப்பேட்டில் பதியப்படும்படி கேட்டுக்கொள்ளல் வேண்டும். மேன்முறையீடு செய்ய நேரின், அப்பதிவு பெருந்துணையாகும்.

பட்டம் என்பது ஒருவருடைய சில ஆண்டு உழைப்பு மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் நெடுநாள் நம்பிக்கையும் அதனுள் அடங்கும். அதே பட்டத்தின் மதிப்பு, நேர்மையாகப் பயின்ற பிற மாணவருக்கும் உரியது. இரண்டையும் காப்பதற்கே விசாரணை உள்ளது. இலங்கை மாணவருக்குக் கிடைத்த அந்தப் பத்து நாள்களிலே ஒரு சிறு கடிதம் எழுதப்பட்டிருக்குமாயின், வழக்கின் போக்கே வேறாக அமைந்திருக்கலாம். இன்று அத்தகைய கடிதத்தைப் பெறும் மாணவர் தம் கையிலுள்ள நாள்களை அச்சத்தில் கழிக்காது, எழுதுகோலை எடுத்துக் கேட்கவேண்டியதைக் கேட்பாராக.