பணம் வைத்து ஆடத் தடை. வன்முறைக்கு வயது வரம்பு எங்கே?

புது தில்லி: இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறை மசோதா 2025 ஆகஸ்ட் 20-ஆம் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும், எதிர்க்கட்சிகளின் அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை நடத்துவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, ரூ. 1 கோடி வரை அபராதம் என்கிறது இச்சட்டம். ஆனால், பணமே புழங்காத, துப்பாக்கிச் சூடும் ரத்தமும் நிறைந்த விளையாட்டைப் பத்து வயதுச் சிறுவன் ஆடலாமா என்ற கேள்வி அவையில் விவாதிக்கப்படவில்லை.

இக்கேள்வியின் இரு பக்கங்களையும் ஒருசேரக் கண்ட நகரம் ஹைதராபாத். 2019 ஏப்ரலில் அந்நகரின் மல்காஜ்கிரி பகுதியில், தேர்வு நேரத்தில் செல்லிடப்பேசியில் பப்ஜி ஆடியதைப் பெற்றோர் கண்டித்ததையடுத்து, பள்ளி மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மரணத்துக்கு ஒரு விளையாட்டை மட்டுமே காரணமாக்குவது முறையன்று. எனினும், நாடு முழுவதும் பெற்றோரின் அச்சத்தை அச்சம்பவம் அதிகரிக்கச் செய்தது.

அதே ஹைதராபாத்தில்தான் விடியோ விளையாட்டுத் துறையை வளர்க்க தெலங்கானா அரசு 2016-இல் தனிக் கொள்கையை வகுத்தது. 2017-இல் அத்துறைக்கெனப் பல மாடிக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியது. அதே 2017-இல், பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளையும் அம்மாநிலம் தடை செய்தது. தமிழகத்தில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டமும் முதன்மையாகச் சூதாட்டத்தையே குறிவைத்தது. ஆக, பணம் என்றால் அரசுகள் விழித்துக்கொள்கின்றன. உள்ளடக்கம் என்றால் ஒதுங்கிக்கொள்கின்றன.

2020 செப்டம்பரில் பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளை மத்திய அரசு முடக்கியபோது கூறப்பட்ட காரணம், நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும்தான், வன்முறை அல்ல. 2021-இல் அவ்விளையாட்டு இந்தியாவுக்கென மாற்றப்பட்ட வடிவில் திரும்பியது. ரத்தம் பச்சை நிறமாயிற்று. 'கொன்றார்' என்ற சொல்லுக்குப் பதில் 'முடித்தார்' என்ற சொல் வந்தது. 18 வயதுக்கு உள்பட்டோருக்கு நாளொன்றுக்கு 3 மணி நேர வரம்பு விதிக்கப்பட்டது. சுடுவது மட்டும் மாறவில்லை.

பாலியல் காட்சிகள் விஷயத்தில் நிலைமை நேர்மாறானது. ஹைதராபாத்தில் பெரிய மையம் வைத்துள்ள எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம், 2014 நவம்பரில் தனது 'டிராகன் ஏஜ்: இன்குயிசிஷன்' விளையாட்டை இந்தியாவில் வெளியிடாமல் தானே விலக்கிக்கொண்டது. உள்நாட்டு ஆபாசத் தடைச் சட்டங்களை மீற நேரிடும் என்பதே அது தெரிவித்த காரணம். அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 292-ஆவது பிரிவும் (தற்போது பாரதிய நியாய சம்ஹிதையின் 294-ஆவது பிரிவு), தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆவது பிரிவும் ஆபாசப் படைப்புகளை வெளியிடுவதைக் குற்றமாக்குகின்றன. அவ்விளையாட்டில் வாள்வீச்சுக்கும் கொலைக்கும் குறைவில்லை. அவை குறித்து நிறுவனத்துக்குத் தயக்கம் எழவில்லை. விளைவு, வயது வந்தவர்களுக்கும் அவ்விளையாட்டு கிடைக்கவில்லை. துப்பாக்கி விளையாட்டுகளோ சிறுவர்களுக்கும் தாராளமாகக் கிடைக்கின்றன.

திரைப்படத்துக்கு இந்நிலை இல்லை. 2024 முதல் தணிக்கை வாரியம் 7, 13, 16 வயது எனப் பிரித்துச் சான்றளிக்கிறது. இணையத் தொடர்களுக்கும் 2021 விதிகளின்படி இதே வயது வகைப்பாடு உண்டு. விடியோ விளையாட்டுக்கு மட்டும் இந்திய அமைப்பு எதுவும் வயதுச் சான்று தருவதில்லை. கூகுள் பிளே தளத்தில் தெரியும் வயதுக் குறிப்பு, தயாரிப்பாளர்களே பூர்த்தி செய்து தரும் வினாப்படிவத்தின் அடிப்படையில் சர்வதேச ஏற்பாடு ஒன்றின் கீழ் வழங்கப்படுவதாகும்.

அமெரிக்காவில் 'மார்ட்டல் காம்பேட்' போன்ற விளையாட்டுகள் குறித்து 1993-இல் செனட் விசாரணை நடத்தியதையடுத்து, 1994-இல் அத்துறையே தரவரிசை வாரியத்தை அமைத்துக்கொண்டது. வன்முறை விளையாட்டுகளைச் சிறுவர்களுக்கு விற்கத் தடை விதித்த கலிஃபோர்னியா சட்டத்தை 2011-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் ரத்து செய்தது. சீனாவோ 2021-இல் சிறார்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் தலா ஒரு மணி நேரம் மட்டுமே அனுமதித்தது. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல், இவ்விளையாட்டுகளுக்கும் மூர்க்க மனப்போக்குக்கும் சிறிய அளவில் தொடர்பு உண்டு என்றும், கொடுஞ்செயல்களுக்கு இவற்றைக் காரணமாக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றும் தெளிவுபடுத்தியது.

எனவே, நமக்குத் தேவை முழுத் தடையும் அல்ல, முழுச் சுதந்திரமும் அல்ல. 2025-ஆம் ஆண்டுச் சட்டம் மின்விளையாட்டுப் போட்டிகளை ஊக்குவிக்கிறது. அவற்றில் துப்பாக்கிச் சூடு விளையாட்டுகளும் அடங்கும். 'வயதுக்கேற்ற உள்ளடக்கம்' என்ற சொற்றொடர் அச்சட்டத்தில் இருக்கிறது. விளையாட்டுகளை வகைப்படுத்தும் ஆணையத்துக்கும் அதில் வழி உண்டு. அந்த வகைப்பாட்டில் வன்முறைக்கும் பாலியல் காட்சிக்கும் தனித்தனி அளவுகோலும், திரைப்படத்துக்கு உள்ளதைப் போன்ற வயது வரம்பும் இடம்பெற வேண்டும் என்று உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி வலியுறுத்தலாம். அதுவரை, அவை விவாதிக்காமல் விட்ட கேள்வியைத் துணைக்குச் சட்டம் ஏதுமின்றிப் பெற்றோரும் பிள்ளைகளும் வீடுகளில் தனியே விவாதித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.