டயர் மாற்றினால் ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டுமா? எக்செல்லில் நீங்களே கணக்கிடலாம்!

"மாப்ள, வண்டி மைலேஜ் 18-ல இருந்து 16-க்கு இறங்கிடுச்சு. ஏற்காடு மலையில வளைவுல திரும்பும்போது முன்பக்கம் கரகரன்னு சத்தம் வேற. உன் கம்ப்யூட்டர்ல ஏதாவது பார்க்க முடியுமா?" என்று அக்காவின் கணவர் போனில் கேட்டார். அவரிடம் இருப்பது பழைய மாருதி ஸ்விஃப்ட். அதில் 165/80 ஆர் 14 டயரைக் கழற்றிவிட்டு, பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று 15 அங்குல அலாய் வீலும் 205/65 ஆர் 15 டயரும் போட்டிருந்தார். கடைக்காரரும் தாராளமாகப் போடலாம் என்று சொல்லிவிட்டாராம்.

விடை கண்டுபிடிக்கப் பெரிய சாஃப்ட்வேர் எதுவும் தேவைப்படவில்லை. எக்செல் போதுமானதாக இருந்தது.

டயரில் உள்ள எண்கள்

165/80 ஆர் 14 என்பதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம், ஆனால் மி.மீ. அல்ல, அகலத்தில் 80 சதவீதம். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆர் என்பது ரேடியல் டயர் என்பதைக் குறிக்கும். ஒரே குறியீட்டில் மி.மீ., சதவீதம், அங்குலம் மூன்றும் கலந்திருப்பதால்தான் பலரும் குழம்பிப் போகிறார்கள்.

எக்செல்லில் செய்யும் முறை

புதிய ஷீட்டைத் திறந்து ஏ2 செல்லில் 165, பி2-ல் 80, சி2-ல் 14 என டைப் செய்யுங்கள். டி2 செல்லில் இந்த ஃபார்முலாவைக் கொடுங்கள் (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்):

=2*ஏ2*பி2/100+சி2*25.4

டயரின் மொத்த விட்டம் 619.6 மி.மீ. என்று கிடைக்கும். மாற்ற நினைக்கும் டயரின் எண்களை அடுத்த வரிசையில் கொடுத்து, டி2 ஃபார்முலாவை டி3-க்கு காப்பி செய்யுங்கள். பிறகு இ3 செல்லில்,

=(டி3-டி2)/டி2*100

என்று கொடுத்தால் வித்தியாசம் சதவீதத்தில் வந்துவிடும். 205/65 ஆர் 15 டயருக்கு விட்டம் 647.5 மி.மீ., வித்தியாசம் 4.5 சதவீதம். 185/65 ஆர் 15 போட்டுப் பாருங்கள். விட்டம் 621.5 மி.மீ., வித்தியாசம் வெறும் 0.3 சதவீதம். ஸ்விஃப்ட்டின் உயர் மாடல்களில் கம்பெனியே இந்த 185/65 ஆர் 15 டயரைப் போட்டுக் கொடுத்தது தற்செயல் அல்ல. ரிம் பெரிதானால் பக்கச் சுவர் குறைய வேண்டும். அப்போதுதான் மொத்த விட்டம் மாறாமல் இருக்கும்.

மீட்டர் ஏன் ஏமாறுகிறது?

ஸ்பீடோமீட்டர் சாலையைப் பார்ப்பதில்லை. சக்கரம் அல்லது கியர்பாக்ஸ் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை சென்சார் எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்ற நிலையான எண்ணால் அதைப் பெருக்கி மீட்டர் காட்டுகிறது. புரோகிராமில் நாம் மாறிலி என்று எழுதிவைப்பதைப் போன்றதுதான் இது. டயர் பெரிதாகிவிட்டது என்பது மீட்டருக்குத் தெரியாது.

ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, சற்றுக் கூட்டிக் காட்டலாம் என்பது ஐ.நா.வின் 39-ஆம் எண் விதிமுறை. உண்மை வேகம் 100 என்றால் 114 வரை காட்ட அதில் இடம் உண்டு. நம்மைக் காக்கும் இந்த இடைவெளியைத்தான் பெரிய டயர் சாப்பிட்டுவிடுகிறது. மாமாவின் காரில் நேரான சாலையில் நான் பக்கத்து சீட்டில் அமர்ந்து செல்போனின் ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்த்தேன். மீட்டர் 80 காட்டியபோது உண்மை வேகம் 81. (ஓட்டுபவர் போனைப் பார்க்கவே வேண்டாம்.)

மைலேஜ் கணக்கும் இதேபோல்தான். ஓடோமீட்டர் தூரத்தைக் குறைவாக எண்ணுகிறது. அவர் கணக்கிட்ட 16-ஐ 1.045-ஆல் பெருக்கினால் உண்மையான மைலேஜ் சுமார் 16.7. அதாவது குறைந்த 2-ல் 0.7 கணக்குப் பிழை. மீதி அகலமான, கனமான டயரின் விளைவு.

கரகர சத்தம்

புதிய டயரின் ஆரம் 14 மி.மீ. கூடியிருக்கிறது. அகலமோ 40 மி.மீ. அதிகம். ஐந்து பேர் ஏறி வண்டி அமுங்கிய நிலையில் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்ததும் டயர் மட்கார்டின் உள்பக்க பிளாஸ்டிக்கில் உரசியிருக்கிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பார்த்தபோது டயரின் தோளில் தேய்ந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. இப்படியே ஓட்டியிருந்தால் மலையில் டயர் கிழிந்திருக்கலாம். பின் சீட்டில் இருந்தவர்கள் அக்காவும் குழந்தைகளும்.

வாங்கும் முன் கவனியுங்கள்

1. விட்ட வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வழக்கம். முடிந்தவரை 1 சதவீதத்துக்குள் தேர்ந்தெடுங்கள்.

2. அலாய் வீலின் நட்டு எண்ணிக்கை, வட்ட அளவு (ஸ்விஃப்ட்டுக்கு 4 நட்டு, 100 மி.மீ.), ஆஃப்செட் ஆகியவை பொருந்த வேண்டும். ஆஃப்செட் மாறினால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி நிற்கும்.

3. அளவை அடுத்து உள்ள 88எச் போன்ற குறியீட்டையும் பாருங்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. பழைய டயரைவிட இவை குறையக் கூடாது.

4. நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு போடுங்கள். ஏ.பி.எஸ். பிரேக் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டே வேலை செய்கிறது.

5. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் கம்பெனி அனுமதித்த அளவுகள் இருக்கும். அதற்குள் தேர்ந்தெடுத்தால் பிரச்சனையே இல்லை.

மாமா அலாய் வீலை வைத்துக்கொண்டு, டயரை மட்டும் கொஞ்சம் நஷ்டத்துக்குக் கொடுத்துவிட்டு 185/65 ஆர் 15 போட்டார். மறுபடி ஏற்காடு போனபோது சத்தம் வரவில்லை. இந்த எக்செல் பைலை சேவ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். டயர் கடைக்குப் போகும் முன் இரண்டே நிமிடம் செலவிட்டால் போதும்.