அரை இடத்தில் விழும் தட்டு

தாளம் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். எண்ணிக்கை விழும்போது கிட்டார் பேசாமல் இருக்கும். இரண்டு எண்களுக்கு நடுவே, நம் பாடகர்கள் அரை இடம் என்பார்களே, அங்கே வெட்டினாற்போல் ஒரு தட்டு விழும். பியானோவும் அங்கேயே சேர்ந்துகொள்ளும். ஜமைக்காவின் ஸ்கா இசைக்கு உயிர் இந்தத் தட்டுதான்.

இதன்மேல் தேர்ந்த ஜாஸ் கலைஞர்கள் வாசித்தால் எப்படியிருக்கும்? 1964இல் வெளிவந்த ‘ஸ்கா ஆத்தெண்டிக்’ கேளுங்கள். ஸ்காடலைட்ஸ் குழுவின் முதல் ஆல்பம். கிங்ஸ்டன் நகரில் காக்சன் டாட் நடத்திய ஸ்டுடியோ ஒன் வெளியீடு. டாட் ஜாஸ் பித்தர் என்பது இங்கே முக்கியம்.

சாக்ஸபோன் வாசித்த டாமி மெக்குக், டிராம்போன் கலைஞர் டான் டிரம்மண்ட், டிரம்பெட் வாசித்த ஜானி மூர் எல்லாரும் ஆல்ஃபா பள்ளி மாணவர்கள். ஏழைச் சிறுவர்களுக்காகக் கன்னியாஸ்திரிகள் நடத்திய அந்தப் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவில்தான் இவர்கள் ஊதப் பழகினார்கள். பிறகு ஜாஸ் வாசித்துப் பிழைத்தார்கள். மெக்குக் பல ஆண்டுகள் பஹாமாஸில் இருந்துவிட்டு, ஜமைக்கா விடுதலையடைந்த 1962இல்தான் ஊர் திரும்பினார்.

பாட்டின் கட்டுமானம் ஜாஸினுடையது. ஊதுகருவிகள் எல்லாம் சேர்ந்து மெட்டை வாசிக்கும். அடுத்து ஒருவர் தனியே முன்வந்து, அப்போதைக்கப்போது மனதில் தோன்றுவதை வாசிப்பார். முடிவில் மறுபடியும் மெட்டு. லாயிட் பிரெவெட்டின் பேஸ், ஜாஸில் போலவே எண்ணிக்கைக்கு ஒரு சுரமாக நடந்துகொண்டிருக்கும். லாயிட் நிப்பின் டிரம்ஸ் இரண்டிலும் நான்கிலும் அழுத்தி அடிக்கும். கேட்பவர்கள் ஆட வந்தவர்கள் என்பதால் இந்த இரண்டும் தளரவே கூடாது.

நியூயார்க் ஜாஸ் மேடையில் ஒருவர் பத்து நிமிடம்கூடத் தனியாக வாசிக்கலாம். இங்கே முழுப் பாட்டுமே ஏறத்தாழ மூன்று நிமிடம். கிடைத்த சில அடிகளுக்குள் சொல்ல வந்ததைச் சொல்லியாக வேண்டும். இந்த நெருக்கடிதான் இவர்கள் வாசிப்பைக் கூராக்கியது என்பது என் எண்ணம். டிரம்மண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் துள்ளும் தாளம். அவருடைய டிராம்போனில் மட்டும் ஆழ்ந்த சோகம். ஆட்டமும் அழுகையும் ஒரே பாட்டில் இவ்வளவு இயல்பாகச் சேர்ந்து நான் அதிகம் கேட்டதில்லை.

குழு 1965இலேயே கலைந்தது. ஆனால் பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவுக்கு முதல் வெற்றியைத் தந்த பாடலில் பின்னணி வாசித்தவர்கள் இவர்களே. ஸ்கா வேகம் குறைந்து ராக்ஸ்டெடியாகி, பின்னர் ரெகே ஆனபோதும் கிட்டாரின் அந்த எதிர்த்தட்டு கூடவே வந்தது.