உருள்பட்டை யாருக்குச் சொந்தம்?

அயலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அண்மையில் இணையவழி விண்ணப்பம் ஒன்றை நிரப்பிவிட்டு என்னை அழைத்தார். எல்லாம் எழுதியாயிற்று, அனுப்பும் பொத்தானைத்தான் காணவில்லை என்றார். பொத்தான் இருந்தது. படிவம் ஒரு பெட்டிக்குள் அடங்கியிருந்தது. அந்தப் பெட்டியைக் கீழே நகர்த்தினால் தெரிந்திருக்கும். ஆனால் பெட்டியின் ஓரத்தில் இருக்க வேண்டிய உருள்பட்டையை, பார்வைக்கு அழகில்லை என்று நினைத்தோ என்னவோ, வடிவமைத்தவர் மறைத்துவிட்டிருந்தார். கீழே இன்னும் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஸ்குரோல் பார் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் இந்த உறுப்பு, பார்க்கும்போது பக்கத்தின் ஒரு பகுதி போலத் தெரிந்தாலும் உண்மையில் பக்கத்தைச் சேர்ந்ததல்ல. அதை வரைவது உலாவியும் அதற்குப் பின்னால் உள்ள இயங்குதளமும். உள்ளே நகரும் பிடி நீளமாக இருந்தால் பக்கம் சிறியது. குட்டையாக இருந்தால் படிக்க இன்னும் நிறைய உண்டு. பிடி நிற்கும் இடம் நாம் எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்டுகிறது. இந்த உறுப்பின் தோற்றத்தை இணையத்தள வடிவமைப்பாளர் மாற்றலாமா என்பதில்தான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இழுபறி.

முதலில் கதவைத் திறந்துவிட்டது மைக்ரோசொப்ட். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5 பதிப்பில், பிடி, தடம், அம்புக்குறி, நிழல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிறம் கொடுக்க முடிந்தது. அந்தக் காலத்துச் சொந்த இணையத்தளங்களைப் பார்த்தவர்களுக்கு விளைவு நினைவிருக்கும். கறுப்புப் பின்னணியில் கடும் சிவப்புப் பட்டை, இளஞ்சிவப்புப் பக்கத்தில் அதே இளஞ்சிவப்புப் பட்டை. சிலர் பிடிக்கும் தடத்துக்கும் ஒரே நிறத்தைக் கொடுத்து, பட்டை இருப்பதே தெரியாமல் செய்தார்கள்.

இதே வசதி வேண்டும் என்ற கோரிக்கை 2001இலேயே மொசில்லாவின் வழுப் பட்டியலில் பதிவானது. ஆனால் பயர்பொக்ஸ் நீண்டகாலம் இணங்கவில்லை. உருள்பட்டை வாசகரின் கணினிக்குரியது, பக்கத்துக்குரியதல்ல என்பது எதிர்த்தவர்களின் வாதம். பிடிவாதம் என்று அன்று பலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் பாதிக்கு மேல் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

2009இல் சபாரியின் அடித்தளமான வெப்கிட் மறுபக்கத்துக்குப் போனது. நிறம் மட்டுமல்ல, பட்டையின் அகலம், வளைந்த மூலைகள், பின்னணிப் படம் வரை எல்லாவற்றையும் வடிவமைப்பாளர் கையில் கொடுத்தது. அப்போது அதே அடித்தளத்தில் இயங்கிய குரோம் உலகெங்கும் பரவியபோது, நியமமாக ஏற்கப்படாத இந்த முறையும் கூடவே பரவியது. இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த முறையில் கைவைத்தவுடன் இயங்குதளத்தின் சொந்தப் பட்டை விலகிவிடும். மவுஸ் மேலே வரும்போது நிறம் மாறுவது போன்ற சிறு விடயங்களையும் வடிவமைப்பாளரே எழுத வேண்டும். பலர் எழுதுவதில்லை.

விண்டோஸில் உருள்பட்டையின் அகலம் நீண்டகாலமாக 17 பிக்சல். இப்படித் தனியாக வடிவமைக்கப்பட்டவற்றில் 6 பிக்சல், 4 பிக்சல் பட்டைகள் சாதாரணம். கைநடுக்கம் உள்ள ஒருவர், அல்லது சில்லு பழுதான மவுஸை வைத்திருப்பவர், அந்த நூலிழையைப் பிடித்து இழுக்க முயல்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் விளங்கும்.

பயர்பொக்ஸ் கடைசியில் 2018 டிசம்பரில், 64ஆம் பதிப்பில் இறங்கி வந்தது. ஆனால் வந்தது பழைய தாராளத்துடன் அல்ல. இணைய நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வரைவில் உள்ள இரண்டே பண்புகளுடன். ஸ்குரோல்பார்-கலர் என்பதில் இரண்டு நிறங்கள்: முதலாவது பிடிக்கு, இரண்டாவது தடத்துக்கு. ஸ்குரோல்பார்-விட்த் என்பதில் மூன்று தெரிவுகள்: வழமையானது, மெல்லியது, இல்லை. எத்தனை பிக்சல் என்று எழுத இடமில்லை. மெல்லியது என்றால் எவ்வளவு மெல்லியது என்பதை உலாவியே தீர்மானிக்கும். குரோம் 2024 ஜனவரியில், 121ஆம் பதிப்பில் இவற்றை ஏற்றது. இந்தப் புதிய பண்புகளை எழுதினால், பழைய வெப்கிட் முறையில் எழுதியவற்றை குரோம் கணக்கில் எடுக்காது.

எனினும் அந்த மூன்றாவது தெரிவான ‘இல்லை’ இன்னும் அங்கேதான் இருக்கிறது. அம்புப் பொத்தான்களால் நகரும் படத்தொகுப்புக்கு அது பொருந்தலாம். படிவத்துக்கோ நிபந்தனைகள் அடங்கிய பெட்டிக்கோ பொருந்தாது.

அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி இங்கே ஒரு கோடு கிழிக்கிறது. பொத்தான் போன்ற உறுப்புகள் சுற்றியுள்ள நிறத்திலிருந்து குறைந்தது 3:1 என்ற அளவில் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பது 2018இல் வந்த 2.1 பதிப்பின் விதி. உலாவி தானே வரைந்து, தளம் மாற்றாமல் விட்ட உறுப்புகளுக்கு விலக்கு உண்டு. நிறத்தை மாற்றிய கணத்தில் அந்த விலக்கு போய்விடுகிறது. வெளிர்சாம்பல் தடத்தில் இன்னும் சற்று வெளிர்ந்த சாம்பல் பிடி வைப்பவர் அந்தப் பொறுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்.

வடிவமைப்பாளர்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. இரவு வாசிப்புக்காகக் கருமையாக்கிய பக்கத்தின் ஓரத்தில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை நிற்பது கண்ணைக் குத்தும். அதற்கு நிறம் தேடி அலையத் தேவையில்லை. கலர்-ஸ்கீம் என்ற பண்பில் ‘டார்க்’ என்று எழுதினால், உலாவி தன்னுடைய கருமையான பட்டையை வரைந்துவிடும்.

வாசகர் தரப்பில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். விண்டோஸ் 11இல் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் காட்சி விளைவுகள் என்ற பகுதியிலும், அப்பிள் மெக் கணினியில் தோற்றம் என்ற பகுதியிலும், உருள்பட்டையை எப்போதும் காட்டும்படி தெரிவு செய்யலாம். தானாக மறையும் பட்டைகள் அதன்பின் நிலைத்து நிற்கும். தளமே அகற்றிவிட்ட பட்டையை அதுவும் மீட்டுத் தராது. அந்த ஆசிரியருக்கு நான் சொன்னது, பெட்டிக்குள் ஒருமுறை கிளிக் செய்துவிட்டு விசைப்பலகையில் ‘பேஜ் டவுன்’ விசையை அழுத்தும்படி. பொத்தான் மேலே வந்தது.